பெயரற்றோர் தேடிய பேரெண்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவன என்பதை இவ்வூரார் அனைவரும் அறிவர். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுதலும், உள்ளிருப்பது அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தலும், அதனை நடுவர் ஐந்து விரலும் விரித்த கையில் ஏற்று உரக்கப் படித்தலும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகள். தேர்தலின் வரலாறாகவே அக்கல்வெட்டுகள் பெரிதும் பேசப்பெறுகின்றன. அவை கூறும் மற்றொரு செய்தி, அதாவது பணிப் பங்கீட்டின் வரலாறு, அத்துணை பேசப்பெறுவதில்லை.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராக வந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமைந்தனர். பணிக்காலம் 360 நாள். வாரியப் பணியை முடித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தில் ஓலையிடப்பெறும் தகுதியை இழந்தனர். ஒருவரால் இயலாத பெரும்பணியைப் பலர் பங்கிட்டுக் கொள்ளும்போது, ஒவ்வொருவர் பங்கும் செவ்வையாக முடிந்ததென்பதை எவ்வாறு அறிவது என்னும் வினாவிற்கு இவ்வூர் அன்று கண்ட விடை அது.

ஓராயிரம் ஆண்டுக்குப் பின், முற்றிலும் வேறான ஒரு துறையில் இதே வினா எழுந்தது. உலகின் மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் பணியே அத்துறை. ஊதியம் பெறாத பல்லாயிரவர் தத்தம் வீட்டுக் கணிப்பொறிகளைக் கொண்டு 1996ஆம் ஆண்டு முதல் செய்துவரும் அப்பணியின் வரலாறு, கணிதம் பயிலாதாரும் அறிந்து மகிழத் தக்கது.

பகா எண்ணும் சதுரங்கப் பலகையும்

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11, 13 என்பன அவ்வரிசையின் தொடக்கம். அவ்வரிசைக்கு முடிவில்லை என்பதைக் கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட் நிறுவினார். முடிவில்லை என்று அறிதல் எளிது. குறிப்பிட்ட ஒரு பேரெண் பகா எண்தானா என்று அறிதல் அரிது.

சதுரங்கப் பலகையில் நெல் வைக்கும் கதையைத் தமிழர் நன்கறிவர். முதற் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4 என இரட்டித்துச் செல்லின், ஐந்து கட்டங்களில் சேரும் நெல் 31. இது இரண்டின் ஐந்தாம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண். இவ்வாறு இரட்டித்துக் கூட்டிவரும் எண்களுட் சில பகா எண்களாக அமைகின்றன. 3, 7, 31, 127 ஆகியன அத்தகையன. கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டுமே கூட்டுத்தொகையும் பகா எண்ணாக வாய்ப்புண்டு. எனினும் அது போதுமான தகுதியன்று. 11 பகா எண்ணே. ஆனால் பதினொரு கட்டங்களின் கூட்டுத்தொகையாகிய 2,047 என்பது 23ஐ 89ஆல் பெருக்க வரும் எண்.

பிரான்சு நாட்டுத் துறவியார் மரின் மெர்சேன் 1644ஆம் ஆண்டில் இத்தகைய பகா எண்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அவர் பெயராலேயே இவை மெர்சேன் பகா எண்கள் என வழங்குகின்றன. அவர் பட்டியலில் பிழைகள் இருந்தன. 67, 257 என்னும் அடுக்குகளைத் தவறாகச் சேர்த்திருந்தார். 61, 89, 107 ஆகியவற்றை விட்டிருந்தார். அப்பிழைகள் முற்றும் களையப்பெற ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. பட்டியல் இடுவதற்கும் பட்டியலைச் சரிபார்ப்பதற்கும் இடையிலுள்ள தொலைவு அன்றே புலப்பட்டுவிட்டது.

கையால் எண்ணிய காலம்

பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1876ஆம் ஆண்டில், இரண்டின் 127ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த 39 இலக்க எண் பகா எண்ணே என நிறுவினார். கையால் கணித்து நிறுவப்பெற்ற மெர்சேன் பகா எண்களுள் மிகப் பெரியது இன்றும் அதுவே. அவர் கண்ட முறையை அமெரிக்கரான டெரிக் லேமர் 1930ஆம் ஆண்டில் எளிமைப்படுத்தினார்.

அம்முறை வியப்பூட்டும் எளிமை உடையது. 4 என்னும் எண்ணில் தொடங்க வேண்டும். அதன் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கொள்ள வேண்டும். அம்மீதிக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவை இதனைச் செய்த பின் மீதி சுழியாயின் அவ்வெண் பகா எண். அன்றேல் பகு எண். 31க்கு மூன்று தடவை: 4இலிருந்து 14 வரும், 14இலிருந்து 194 வந்து, 31ஆல் வகுக்க மீதி 8 ஆகும், 8இலிருந்து 62 வந்து, மீதி சுழியாகும். ஆகவே 31 பகா எண். 2,047க்கு ஒன்பது தடவை செய்தால் இறுதி மீதி 1,736. ஆகவே அது பகு எண்.

இம்முறை, ‘பகா எண் அன்று’ என்று சொல்லுமே தவிர, எவ்வெண்களின் பெருக்கம் என்பதைச் சொல்லாது. மெர்சேன் தவறாகச் சேர்த்த 67ஆம் அடுக்கு பகு எண்ணையே தருவது என்பதை லூக்கா 1876ஆம் ஆண்டிலேயே அறிந்தார். அதன் காரணிகள் 1903ஆம் ஆண்டுவரை எவர்க்கும் தெரியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் என்பவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையருகே சென்று, அந்த 21 இலக்க எண்ணை ஒரு பக்கம் கணித்தெழுதினார்; மறுபக்கம் 19,37,07,721ஐ 7,61,83,82,57,287ஆல் பெருக்கிக் காட்டினார். இரண்டு விடையும் ஒன்றாயின. அவர் மௌனமாகவே தம் இருக்கைக்குத் திரும்பினார் என்பர்.

தமிழகத்திற்கும் இத்துறையில் பங்குண்டு. துணை ஆட்சியராகப் பணிபுரிந்த வி. இராமசாமி ஐயர் 1907ஆம் ஆண்டில் ‘அனலிடிக் கிளப்’ என்னும் பெயரால் ஒரு சிறு கழகத்தைத் தொடங்கினார். கணித இதழ்களையும் நூல்களையும் பொதுவில் வாங்கி, உறுப்பினரிடையே அஞ்சல் வழியாகச் சுற்றுக்கு விடுதல் அதன் முதற்பணி. தனியொருவர் வாங்க இயலாததைப் பலர் சேர்ந்து வாங்கிப் படிக்கும் இவ்வழக்கம் இலக்கிய வட்டங்களை நடத்துவோர்க்குப் புதிதன்று. அக்கழகமே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாயிற்று. திருக்கோவிலூரில் இராமசாமி ஐயரை 1910ஆம் ஆண்டில் வேலை தேடிச் சந்தித்த இளைஞரே சீனிவாச இராமானுசன். அவருடைய முதற் கட்டுரை 1911இல் அக்கழகத்தின் இதழிலேயே அச்சேறியது.

1934ஆம் ஆண்டில் சுந்தரம் என்னும் மாணவர் பகா எண்களைப் பிரித்தெடுக்கும் புதியதொரு சல்லடையைக் கண்டார். அதனைக் கழகத்தின் ‘மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்’ இதழில் எடுத்துரைத்தவரும் இராமசாமி ஐயரே. முதல் வரியில் 4, 7, 10, 13 எனவும், இரண்டாம் வரியில் 7, 12, 17, 22 எனவும், மூன்றாம் வரியில் 10, 17, 24, 31 எனவும் சீரான இடைவெளியுடன் வளரும் அட்டவணை அது. அட்டவணையில் உள்ள எவ்வெண்ணையும் இரட்டித்து ஒன்று கூட்டினால் பகு எண் வரும். அட்டவணையில் இடம்பெறாத எண்ணை அவ்வாறு செய்தால் பகா எண் வரும். இல்லாததைக் கொண்டு உள்ளதை அறியும் இச்சல்லடை இன்றும் ‘சுந்தரம் சல்லடை’ என்றே உலகெங்கும் வழங்குகிறது.

வீட்டுக் கணிப்பொறிகளின் கூட்டுறவு

1952ஆம் ஆண்டில் ராபேல் ராபின்சன் என்பவர் மின்கணிப்பொறியைக் கொண்டு ஐந்து புதிய மெர்சேன் பகா எண்களைக் கண்டார். அதன்பின் இத்தேடல் பெரும் நிறுவனங்களின் வசமாயிற்று. கிரே நிறுவனத்தின் மீத்திறன் கணிப்பொறிகளே சாதனைகளைப் படைத்தன. அவ்வரிசையில் இறுதியாக 1996 செப்டம்பரில் அறிவிக்கப்பெற்றது 3,78,632 இலக்கங்கள் கொண்ட எண்.

அதே 1996ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து நிரலாளர் ஜார்ஜ் வோல்ட்மன் வேறொரு வழியைத் தொடங்கியிருந்தார். மேலே கூறிய சோதனையை ஒரே அடுக்கிற்குப் பலர் பங்கிட்டுச் செய்தல் இயலாது. ஒரு படியின் மீதி கிடைத்த பின்னரே அடுத்த படியைத் தொடங்க முடியும். ஆனால் வெவ்வேறு அடுக்குகளை வெவ்வேறு ஆட்களிடம் தரலாம். வோல்ட்மன் எழுதிய நிரலை எவரும் விலையின்றிப் பெறலாம். உரியவர் தம் வேலையைச் செய்யாத நேரத்தில், கணிப்பொறி சும்மா இருக்கும் கணங்களில், அந்நிரல் தனக்கு ஒதுக்கப்பெற்ற அடுக்கைச் சோதித்துக்கொண்டிருக்கும். 1997ஆம் ஆண்டில் ஸ்காட் குரோவ்ஸ்கி அமைத்த மையக் கணிப்பொறி, யார்க்கு எவ்வடுக்கு என்பதைத் தானே ஒதுக்கி, விடைகளைத் தானே பதிந்துகொள்ளத் தொடங்கியது. ஆங்கில முதலெழுத்துகளால் ‘கிம்ப்ஸ்’ என வழங்கும் இவ்வமைப்பிற்குத் தொடங்கிய ஆண்டிலேயே பலன் கிட்டிற்று. 1996 நவம்பர் 13 அன்று பிரான்சின் ஜோயல் ஆர்மங்கோ 4,20,921 இலக்கப் பகா எண்ணைக் கண்டார். மீத்திறன் கணிப்பொறியின் சாதனையை வீட்டுக் கணிப்பொறி முறியடித்தது.

1999 சூன் 1 அன்று நயன் ஹஜ்ரத்வாலா என்பவரின் வீட்டுக் கணிப்பொறி, 111 நாள் ஓய்வு நேரத்தில் பணிசெய்து, 20,98,960 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைத் தந்தது. பத்து இலட்சம் இலக்கங்களைக் கடந்த முதற் பகா எண் அது. அதற்கு 50,000 டாலர் பரிசும் கிடைத்தது. 2008ஆம் ஆண்டில் ஒரு கோடி இலக்கங்களைக் கடந்த முதல் எண் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் கணிப்பொறியில் கண்டறியப்பெற்றது. அதற்குரிய 1,00,000 டாலரில் பாதி அத்துறைக்கும், 25,000 டாலர் அறப்பணிக்கும் சென்றன. எஞ்சியதன் பெரும்பகுதி முன்னர்ப் பகா எண்களைக் கண்ட தோழர்க்குப் பகிர்ந்தளிக்கப்பெற்றது.

கண்டவரும் காணாதவரும்

கண்டவர் பெயர்கள் நாளிதழ்களில் வந்தன. கிம்ப்ஸ் கண்ட பகா எண்கள் 2024 வரை பதினெட்டு. அவற்றைக் காண்பதற்குச் சோதிக்கப்பெற்ற அடுக்குகளோ பல இலட்சம். அவற்றைச் சோதித்தவர்க்குக் கிடைத்த விடை ‘இல்லை’ என்னும் ஒரே சொல். அந்த ‘இல்லை’களின் மதிப்பு யாது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடியான வினா.

‘இல்லை’ என்று விடை அனுப்புவோர் அதனோடு இறுதி மீதியின் கடைப்பகுதியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின் அதே அடுக்கு முன்பின் அறியாத மற்றொருவர்க்கு ஒதுக்கப்படும். இருவர் மீதியும் ஒத்தால் மட்டுமே அவ்வடுக்கு முடிந்ததாகக் கொள்ளப்படும். ஒவ்வாவிடின் மூன்றாமவர் சோதிப்பார். வீட்டுக் கணிப்பொறி சூட்டினாலோ நினைவகப் பழுதினாலோ கோடிக்கணக்கான படிகளுள் ஒன்றில் பிழைத்தாலும் முடிவு பயனற்றதாகிவிடும். உண்மையான பகா எண் ஒன்று கைநழுவியும் போகலாம். கணக்குக் காட்டாதார்க்கு வாரியம் இல்லை என்ற சபையோரின் கவலையே இங்கும் வேறுருவில் செயற்படுகிறது.

2013 சனவரி 25 அன்று கர்ட்டிஸ் கூப்பர் என்னும் பேராசிரியர் இரண்டின் 5,78,85,161ஆம் அடுக்கிற்குரிய பகா எண்ணைக் கண்டார். அதன் இலக்கங்கள் 1,74,25,170. அது மெர்சேன் பகா எண்களுள் எத்தனையாவது? அன்று எவராலும் உறுதி கூற இயலவில்லை. அதற்குக் குறைந்த அடுக்குகள் பல இரண்டாம் முறை சோதிக்கப்படாமல் இருந்தன. அவை அனைத்தும் சரிபார்க்கப்பெற்று, அதுவே நாற்பத்தெட்டாவது என்று உறுதியானது 2021 அக்டோபரில். எண்ணைக் காண ஒரு கணிப்பொறி போதுமாயிருந்தது. அதன் வரிசை எண்ணைச் சொல்ல எட்டாண்டுகளும், ஒன்றும் காணாத பல்லாயிரவரும் வேண்டியிருந்தனர்.

மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. 2015 செப்டம்பர் 17 அன்று கூப்பரின் கணிப்பொறி ஒன்று புதிய பகா எண்ணைக் கண்டு மையத்திற்கு அறிவித்தது. மையத்திலிருந்து செல்ல வேண்டிய மின்னஞ்சல் செல்லவில்லை. நான்கு திங்களளவு 2,23,38,618 இலக்கங்கள் கொண்ட அவ்வெண் பதிவேட்டில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2016 சனவரி 7 அன்று பராமரிப்புப் பணியின்போது அது தெரியவந்தது. கண்டுபிடிப்பின் நாளாக இன்று குறிக்கப்பெறுவது மனிதர் ஒருவர் அதனை அறிந்த அந்நாளே. படிப்பாரற்ற ஏடு இருந்தும் இல்லாததே என்பதைச் சுவடிகளோடு பழகியோர் உணர்வர்.

இம்முயற்சியால் என்ன பயன் என்று வினவுவோர் உளர். மறைமொழிக்குப் பயன்படும் பகா எண்கள் சில நூறு இலக்கங்களே உடையவை. இப்பேரெண்கள் அதற்கு வேண்டப்படுவன அல்ல. ஆயின் தேடலின் பொருட்டுச் செம்மையாக்கப்பெற்ற பெருக்கல் முறைகளும், கணிப்பொறியின் பழுதறியும் சோதனைகளும் பயன் தந்துள்ளன. 2016ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் புதிய செயலி ஒன்றில் இருந்த குறையை வெளிப்படுத்தியது வோல்ட்மனின் நிரலே.

மாறிவரும் காலம்

2018 திசம்பருக்குப் பின் ஏறத்தாழ ஆறாண்டுகள் புதிய எண் எதுவும் கிட்டவில்லை. 2024 அக்டோபர் 12 அன்று லூக் டுரான்ட் என்பவர் இரண்டின் 13,62,79,841ஆம் அடுக்கிற்குரிய பகா எண்ணை உறுதி செய்தார். அதன் இலக்கங்கள் 4,10,24,320. பக்கத்திற்கு 2,000 இலக்கங்களாக அச்சிட்டால் இருபதாயிரம் பக்கங்களைக் கடக்கும். அது கண்டறியப்பெற்றது வீட்டுக் கணிப்பொறியில் அன்று. 17 நாடுகளில் வாடகைக்குப் பெற்ற வரைகலைச் செயலிகளைக் கொண்டு, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அவர் தேடினார். பகா எண்ணாகலாம் என்னும் முதற் குறிப்பு அயர்லாந்தின் டப்ளின் நகரிலும், உறுதி அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரிலும் கிடைத்தன. தமக்குரிய 3,000 டாலர் பரிசை அவர் ஒரு பள்ளிக்கு அளித்தார்.

வீட்டுக் கணிப்பொறியின் காலம் முடிந்ததோ என்னும் ஐயம் இதனால் எழுவது இயல்பு. எனினும் டுரான்ட் பயன்படுத்திய நிரல் மிஹாய் பிரேடா முதலிய தன்னார்வலர் எழுதியது. அவர் தேடத் தொடங்கிய இடம்வரை பாதையைச் செப்பனிட்டு வைத்தவர்கள் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் ‘இல்லை’ என்று விடையளித்த பெயரறியாதோர். 2020 முதல், ஒருவர் தம் சோதனையுடன் சான்று ஒன்றையும் இணைத்தனுப்பும் வழி ஏற்பட்டுள்ளது. அதனால் இரண்டாம் முறை முழுமையாகச் சோதிக்கும் உழைப்பு பெரிதும் குறைந்துள்ளது. சரிபார்த்தல் என்னும் கடமை மட்டும் நீங்கவில்லை.

உத்திரமேரூர்ச் சபையோடு இதனை ஒப்பிடுகையில் வேற்றுமையையும் மறைத்தல் கூடாது. கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவையும், மறைநூற் பயிற்சியும் உடையோர்க்கே அன்று குடத்தில் ஓலை இடப்பெற்றது. ஏரிக்கரையில் மண் சுமந்தோர்க்கு அதில் இடமில்லை. பகா எண் தேடலில் நிலமும் பட்டமும் கேட்பாரில்லை. மாணவரும் மருத்துவரும் அஞ்சல் சுமப்போரும் அதில் பங்கேற்றுள்ளனர். ஆயினும் கணிப்பொறியும் தடையற்ற மின்சாரமும் இணைய இணைப்பும் இக்காலத்தின் கால் வேலி நிலமாக நிற்கின்றன. அவை வாய்க்காதோர்க்கு இக்குடத்திலும் ஓலை இல்லை.

ஒற்றுமை ஒன்று உண்டு. வைரமேகத் தடாகம் எனக் கல்வெட்டுகள் குறிக்கும் இவ்வூர் ஏரியைத் தூர்வாரப் பொருள் தந்தோர் பெயர் கல்லில் உள்ளது. தூர் வாரியோர் பெயர் இல்லை. கிம்ப்ஸ் பதிவேட்டிலோ, பகா எண்ணைக் காணாதோரும் தாம் சோதித்த அடுக்குகளோடு பதியப்பெறுகின்றனர். ‘இல்லை’ என்ற விடைக்கும் அங்குக் கணக்குண்டு. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்று இதனின்று கொள்ளத்தக்கது அக்கணக்கேயாகும். மலரில் கவிதை அச்சேறியோர் பெயர் தானாகவே நிலைக்கும். கூட்டந்தோறும் வந்து கேட்டு, பிழை சுட்டி, ஒரு வரியும் அச்சேறாது வீடு திரும்பியோர் பெயரும் நிகழ்ச்சிப் பதிவேட்டில் ஆண்டு வாரியாக எழுதப்பெறின், பின்வருவோர் இவ்வட்டத்தின் வரலாற்றைப் பிழையின்றி அறிவர்.